பன்னிரண்டாவது உறை

அடுத்த மாதம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை தொடங்கப் போகிறீர்கள் என்று ஆய்வகத்திலிருந்து சொன்னார்கள். பழுது கண்டுபிடிக்கும் கேமரா இயந்திரத்தையும், அதே வேலையைச் செய்யும் மனிதர்களின் கண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறீர்களாம். கருவிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அதே வட்டாரத்தில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் வேலை அதனால் போக இருந்தது. நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது என்று தோன்றியது.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். என்ன கிழமை, மழை பெய்ததா, பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை எழுதும்போது அந்த ஆடி மாதத்து நோட்டு மேசைமேல் திறந்திருக்கிறது. கிழமைகளை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு அதை முழுவதும் நம்பவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் கேள்வி எளிமையானது. ஒரே மாதிரிப் பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழுது தேடுகிறவரின் கவனம் எப்போது நழுவுகிறது? வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலை எங்களுக்கு இடம் கொடுத்தது. கார் முகப்பு விளக்கின் ஒளிபுகும் மேல்மூடியை அங்கே செய்தார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் அதை லென்ஸ் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அச்சிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு லென்ஸையும் வெள்ளை விளக்குக்குக் கீழே பிடித்துத் திருப்பிப் பார்த்து, கீறல், குமிழி, கரும்புள்ளி எதுவும் இல்லையென்றால் பெல்ட்டில் வைப்பது பரிசோதகரின் வேலை. ஒரு லென்ஸுக்கு மூச்சை இழுத்து விடும் நேரம்தான் கிடைக்கும்.

போன முதல் வாரமே ஒரு சிறிய தவறு செய்தேன். பரிசோதகர்களை ஒவ்வொருவராகக் கூட்ட அறைக்கு அழைத்து, குளிரூட்டியின் கீழே உட்காரவைத்து லென்ஸ்களைக் காட்டினேன். எல்லாப் பழுதையும் எல்லோரும் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. லைன் சூப்பர்வைசர் தனசேகர் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் வல்லத்துக்காரர். தொழிற்சாலையின் கேன்டீன் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தன் பெரியப்பாவின் நெல் வயல் என்பதை, சாம்பார் நன்றாக இல்லாத நாட்களில் மட்டும் நினைவுபடுத்துவார்.

"இன்னா சார் இது, ஏசி போட்டு, டீ பிஸ்கட் குடுத்து, லென்ஸ காட்டிக்கினு கீறீங்க. இங்க குந்தினா நானே கண்டுபுடிச்சிருவேன். லைன்ல வந்து நில்லுங்க, அப்பால பேசலாம்" என்றார்.

லைனுக்குப் போனேன். அதுவரை எடுத்த பதிவுகளை அப்படியே மூடி வைத்தேன்.

நான்கு பரிசோதகர்கள் ஆய்வுக்குச் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேர் தங்கும் விடுதி அறையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். இரண்டு வருடப் பயிற்சியின் கடைசி மாதத்தில் இருந்தார். பயிற்சி முடிகிறவர்களில் சிலரை மட்டும் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். எடுக்கப்போகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது என்று தனசேகர் சொல்லியிருந்தார்.

"எடுக்கலைன்னா ஊர்ல போயி அம்மகூட பீடி சுத்தணும் சார். அதுலயும் கண்ணு வலிக்கும். முதுகும் சேந்து வலிக்கும்" என்று ஒருநாள் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டவர் சொல்வது போல இருந்தது.

கண் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பதிவு செய்யும் மூக்குக்கண்ணாடி ஒன்றை எங்கள் ஆய்வகம் வைத்திருந்தது. பரிசோதகர் அதை மாட்டிக்கொண்டு வேலை செய்தால், அவர் முன்னால் இருப்பது என் திரையில் தெரியும். அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி அவர் பார்வை போகும் இடமெல்லாம் போகும். முதல்முறை மாட்டிவிட்டபோது இசக்கி கேட்டார்:

"இது நான் நினைக்கதையும் பாக்குமா சார்?"

"இல்லம்மா. கண் எங்கே போகுதுன்னு மட்டும்தான்."

"அப்பம் சரி."

பதிவுகளை ஆய்வகத்துக்கு வெளியே யாருக்கும் காட்ட மாட்டோம் என்று நான்கு பேருக்கும் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இசக்கி அந்தத் தாளை நான்காக மடித்து அடையாள அட்டையின் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

லைனில் பழுதான லென்ஸ் அபூர்வமாகத்தான் வரும். எங்கள் ஆய்வின் உயிர்நாடியே அதுதான். அடிக்கடி வருவதைக் கண் விடாது. நல்லது, நல்லது என்று நூற்றுக்கணக்கில் பார்த்த பிறகு எப்போதாவது ஒன்று வந்தால், கண் அதன்மேல் நின்றும் மனம் அதையும் நல்லது என்றே எடுத்துக்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் காலை ஐந்தரைக்கு நின்றவர்களுக்கு இது புரியும். வரிசையாகக் கம்பெனி பஸ்கள் வரும். நான் தினமும் ஏறுவது ஒரு வெள்ளை பஸ். ஒருநாள் அது பழுதாகி, பதிலுக்கு ஒரு மஞ்சள் பஸ் வந்தது. எங்கள் தடத்தின் பெயர் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது. அதை நேராகப் பார்த்துக்கொண்டே போகவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன்.

இந்த அபூர்வத்தை அளக்க, நானே பழுது செய்த பன்னிரண்டு லென்ஸ்களை வைத்திருந்தேன். ஊசியால் மெல்லிய கீறல் போட்டவை. ஒவ்வொன்றின் விளிம்புக்கு உட்பக்கம், பரிசோதகர் திருப்பிப் பார்க்காத இடத்தில், பென்சிலால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை சின்னதாக எண் எழுதியிருந்தேன். ஷிப்ட் நேரத்தில் இவற்றை ஒவ்வொன்றாக மற்ற லென்ஸ்களோடு கலந்துவிடுவேன். பரிசோதகர் கண்டுபிடித்தால் சிவப்புத் தொட்டிக்குப் போகும். கண்டுபிடிக்காமல் விட்டால் பெல்ட்டில் பேக்கிங் பக்கம் போகும். நான் எழுந்து போய் அங்கே எடுத்துவிடுவேன். எப்படியானாலும் பன்னிரண்டும் என்னிடம் திரும்ப வர வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு. நாள், ஷிப்ட், லென்ஸ் எண், உள்ளே போனதற்கு ஒரு டிக், திரும்ப வந்ததற்கு ஒரு டிக். மணி எழுத ஒரு பத்தி போடவில்லை. மழை பெய்ததை எழுதுகிறவனுக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு பழக்கமும் வந்திருந்தது. திரையில் பார்த்துக்கொண்டிருப்பேன். என் லென்ஸைப் பரிசோதகர் பெல்ட்டில் வைத்தவுடனே இரண்டாவது டிக்கைப் போட்டுவிட்டு, அதன்பிறகு எழுந்து போய் எடுப்பேன். பேனா கையில் இருக்கும்போதே போட்டுவிட்டால் ஒரு வேலை மிச்சம். பல வாரங்கள் ஒரு குறையும் வரவில்லை.

ஆடிக் கிருத்திகை அந்த வருடம் வெள்ளிக்கிழமை வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் காலையிலிருந்தே காவடிகள் போய்க்கொண்டிருந்தன. சாலை அடைத்துவிடும் என்று முதல் ஷிப்டை அரை மணி முன்னதாக முடிக்கச் சொல்லியிருந்தார்கள். இசக்கியின் மேசையில் கடைசியாக நான் கலந்தது ஏழாம் எண் லென்ஸ். அவர் அதைத் திருப்பினார், பார்த்தார், விளிம்பில் பச்சைப் புள்ளி வைத்தார், பெல்ட்டில் விட்டார். ஒவ்வொரு பரிசோதகருக்கும் ஒரு நிறத்தில் பெயிண்ட் பேனா உண்டு. தேறிய லென்ஸில் அவரவர் புள்ளி வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பச்சை இசக்கியுடையது. நான் டிக் போட்டேன். எழுந்தேன்.

"சார், பஸ் எடுத்துருவான் சார்" என்று தனசேகர் வந்து நின்றார். "கோயில் கூட்டத்துல மாட்டிக்கினா அப்பால வூடு போய்ச் சேர்றதுக்குள்ள விடிஞ்சிரும். கண்ணாடிய கழட்டுங்க, அந்தப் பொண்ணு வேற நிக்குது."

கண்ணாடியைக் கழற்றி வாங்கினேன். மின்கலத்தை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். சோதனை லென்ஸ்கள் இருக்கும் அட்டைப் பெட்டியைப் பார்த்தேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பஞ்சு உறை. இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு உறைகள் நின்றன. மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பஸ்ஸில் உட்கார்ந்து நாட்குறிப்பில் எழுதினேன்: 'வெள்ளி. ஆடிக் கிருத்திகை. வெயில். பன்னிரண்டும் சரி.'

அடுத்த வியாழக்கிழமை தரப் பிரிவு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். கண்டிப்பானவர், நியாயமானவரும்கூட. லென்ஸ்களை வாங்கி விளக்கு பொருத்தும் ஒரகடத்து நிறுவனம் ஒரு லென்ஸை நிராகரித்துவிட்டது. இடது கீழ் மூலையில் கீறல். விளிம்பில் பச்சைப் புள்ளி. அட்டைப் பெட்டிச் சீட்டில் வெள்ளிக்கிழமை, முதல் ஷிப்ட்.

"உங்க டெஸ்ட் லென்ஸ் எதாவது வெளிய போயிருக்குமா சார்?"

பதிவேட்டைத் திறந்தேன். பன்னிரண்டு டிக். "இல்லை, எல்லாம் திரும்பி வந்துவிட்டன" என்று சொன்னேன். எழுத்தில் வேண்டும் என்றார். உடனே மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தக் கேள்வி அதோடு என் மனத்தில் முடிந்துபோனது. முடிந்துபோன கேள்வியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் இன்னொன்று கேட்டார். "அன்னைக்கு அந்தப் பொண்ணு உங்க கண்ணாடிதானே போட்டிருந்தாங்க? அந்த லென்ஸ் அதுல இருக்குமே. பாத்தா ஒரு தெளிவு கிடைக்கும்."

காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. இருந்தும் காட்டினேன். இசக்கி எவ்வளவு நிதானமாகப் பார்க்கிறார் என்பதை அவர் பார்த்துவிட்டால் விஷயம் அடங்கிவிடும் என்று நம்பினேன். ஷிப்டின் கடைசிப் பகுதியை ஓட்டினேன். இடது கீழ் மூலையில் கீறல் உள்ள லென்ஸ் வந்தது. எந்த லென்ஸில் எந்த மூலையில் கீறினேன் என்று நான் குறித்து வைத்திருக்கவில்லை, பதிவேட்டில் மணியும் இல்லை; அது என்னுடையதாக இருக்கலாம் என்ற நினைப்பே வரவில்லை. சிவப்புப் புள்ளி வலமிருந்து இடமாகப் போனது, கீழே இறங்கியது, கீறலுக்கு வந்தது, அங்கே நின்றது. பிறகு நகர்ந்தது. பச்சைப் பேனா திரைக்குள் வந்தது.

மேலாளர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நீங்களே பாருங்க சார். கண்ணு அங்கதான் இருக்கு. கீறல் மேலயே இருக்கு. பாத்துட்டு விட்டிருக்காங்க."

"கண் நின்றால் கண்டுகொண்டதாக ஆகாது" என்று சொல்லத் தொடங்கினேன். நான் சொன்னது வகுப்புப் பாடம் போல எனக்கே கேட்டது. திரையில் இருந்த புள்ளிக்கு முன்னால் அது எடுபடவில்லை. சிவப்புப் புள்ளிக்கு அப்படி ஒரு பலம் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் காட்டும் படத்தை, பார்க்கிறவர் தனக்குத் தெரிந்த கதையோடுதான் சேர்த்துக்கொள்வார். கவனக்குறைவு என்றால் ஓர் எச்சரிக்கையோடு போயிருக்கும். தெரிந்தே விட்டது என்றால் விசாரணை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு வைத்தார்கள். தெரிந்தே விட்டதாக முடிவானால் பட்டியலிலிருந்து இசக்கியின் பெயர் எடுக்கப்படும். பயிற்சி முடிய ஒன்பது நாட்கள் இருந்தன.

திங்கட்கிழமை காலையிலேயே போய்விட்டேன். இசக்கியை மேசையிலிருந்து எடுத்து, பேக்கிங்கில் அட்டைப் பெட்டி மடிக்க விட்டிருந்தார்கள். இரண்டு மணிக்குத் தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன். பதிவைக் காட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்டி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்கதான சார் சொன்னீங்க, இது நினைக்கத பாக்காதுன்னு. இப்பம் அவங்க நான் நினைச்சதயும் சேத்துப் பாத்துட்டாங்களே."

மடித்த பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"நான் அந்தக் கோட்டப் பாக்கல. பாத்திருந்தா எதுக்கு விடப் போறேன்? சிவப்புத் தொட்டில போட ஒரு செகண்டு ஆகுமா?" பிறகு கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சார், அது ஒங்க லென்ஸா இருக்காதா?"

"இல்லம்மா. நோட்டுல பாத்துட்டேன். பன்னிரண்டும் வந்திருக்கு."

"நோட்டப் பாத்தீங்க. பெட்டிய எண்ணினீங்களா?"

எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பதிவேட்டை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எண்ணாம இருப்பேனா?" என்றேன்.

"நாங்க ஒரு பெட்டிக்கு எத்தன லென்ஸுன்னு சீட்டுல அடிச்சிருந்தாலும் எண்ணித்தான் ஒட்டுதோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

அலமாரியைத் திறந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் எடுக்கவில்லை. அடுத்த சுற்று அந்த வாரம்தான் தொடங்குவதாக இருந்தது. பன்னிரண்டு உறைகள் நின்றன. பார்க்கும்போது குறையே இல்லை. ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினேன். பத்து உறைகளில் உள்ளே கெட்டியாக லென்ஸ் தட்டுப்பட்டது. பதினொன்றாவது அமுங்கியது. பஞ்சு உறை தன் வடிவத்தை விடாமல், உள்ளே லென்ஸ் இருப்பது போலவே உப்பி நின்றிருந்தது. உறைகளை எண் வரிசையில் அடுக்கியிருக்கவில்லை; அதன்மேல் எழுதியிருந்த எண் ஏழு. கடைசி உறையில் லென்ஸ் இருந்தது.

அப்போது மணி இரண்டு இருபது என்று நோட்டில் இருக்கிறது. அந்த நாற்பது நிமிடத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது நோட்டில் இல்லை; ஆனால் நினைவிருக்கிறது. லென்ஸ் என்னுடையது என்று சொன்னால், வாடிக்கையாளருக்குப் பழுதான பொருளை அனுப்பியது என் ஆய்வு. ஆய்வு அன்றே நிற்கும். ஆய்வகத்துக்கு அந்த வட்டாரத்தில் வேறெங்கும் இடம் கிடைக்காமல் போகலாம். நானே எழுத்தில் கொடுத்ததை நானே மறுக்க வேண்டும். இவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னாலும் பலன் இருக்குமா என்ற சந்தேகம். லென்ஸ் யாருடையதானாலும் சிவப்புப் புள்ளி அதே இடத்தில்தான் நிற்கும். எனக்கு ஒரு வழியும் தெளிவாகத் தெரியவில்லை. பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். ஏழாம் எண்ணின் உறையை ஏனோ திரும்ப அதன் இடத்திலேயே நிற்க வைத்திருந்தேன்.

அறையில் மேலாளரும் மனிதவள அலுவலரும் இருந்தார்கள். தனசேகர் சாட்சியாக ஓரத்தில் நின்றார். இசக்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான்காக மடித்த அந்தத் தாள் அவர் மடியில் இருந்தது. ஒரகடத்திலிருந்து காலையில் திரும்பி வந்த லென்ஸ், பிளாஸ்டிக் பையோடு மேசைமேல் இருந்தது. அதுவரை அதைப் படமாகத்தான் பார்த்திருந்தோம்.

பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தேன்.

"என்ன சார் இது?" என்றார் மனிதவள அலுவலர்.

"சோதனை லென்ஸ்கள். எல்லாம் திரும்பி வந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருந்தேன்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை ஒரு வரிசையில் போய் அடுத்த வரிசையில் திரும்பியது. "ஆமா, ரெண்டு வரிசை, பன்னண்டு இருக்கே. அப்புறம் என்ன?"

நான் எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை. அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸை வெளியே வைத்தேன். பதினொரு லென்ஸ்கள் மேசைமேல் சேர்ந்தன. ஏழாம் எண்ணின் உறையை மேலாளர் கையில் கொடுத்தேன். அவர் அதை அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரகடத்திலிருந்து வந்த லென்ஸைப் பையிலிருந்து எடுத்து, விளிம்பின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினேன். பென்சிலால் எழுதிய ஏழு அழியாமல் இருந்தது.

"கீறல் நான் போட்டது. டிக்கைப் போட்டுவிட்டு லென்ஸை எடுக்காமல் விட்டதும் நான்தான். என் மின்னஞ்சல் தவறு" என்றேன்.

 மனிதவள அலுவலர் பேனாவை மூடினார். ஆனால் மேலாளர் அப்படி விடுகிறவர் இல்லை.

"சரி சார். உங்க லென்ஸ்தான். ஆனா அவங்க டேபிளுக்கு வந்துச்சு, அவங்க புள்ளி வச்சாங்க. கண்ணு கீறல் மேல இருந்துச்சு. உங்களுது இல்லாம நிஜமான பழுதா இருந்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்?"

"ஆமாம்" என்றேன். "அவர் அதைத் தவறவிட்டார். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. தெரிந்தே விட்டார் என்பதுதான் இல்லை. இப்போது இந்தப் பெட்டியை எட்டிப் பார்த்தீர்கள். அந்தக் கண்ணாடியை நீங்கள் போட்டிருந்தால், சிவப்புப் புள்ளி இந்தக் காலி உறைமேலும் வந்து நின்றிருக்கும். நீங்கள் தெரிந்தே பன்னிரண்டு என்று சொன்னீர்களா?"

அவர் உறையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நானும் அன்றைக்குப் பார்த்தேன். என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை என்று சொல்ல மாட்டேன், பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆனால் எனக்கு எண்ண வேண்டியவை பன்னிரண்டுதான். அவர் ஒரு ஷிப்ட் முழுக்கப் பார்க்கிறார். இதைத்தான் நான் படித்தேன், இதைத்தான் ஆராய்கிறேன். எனக்கே அந்தக் காலி உறை தெரியவில்லை."

ஓரத்தில் நின்ற தனசேகர் தொண்டையைச் செருமினார். "சார், பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினது நான்தான் சார். அதையும் எழுதிக்கங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றார் மேலாளர். குரலில் கடுமை இல்லை. உறையைப் பெட்டிக்குள் வைத்தார். மனிதவள அலுவலரைப் பார்த்து, "தெரிஞ்சே விட்டதுன்னு எழுதியிருக்கிறத எடுத்துடுங்க. லிஸ்ட்ல பேரு அப்படியே இருக்கட்டும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "உங்க ஸ்டடி இன்னியோட முடிஞ்சுது சார். தப்பா நெனச்சுக்காதீங்க. எங்க கஸ்டமருக்கு நான் பதில் சொல்லணும்."

தப்பாக நினைக்க ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த ஆய்வு கட்டுரையாக வரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. நாற்பது நிமிடத்தில் வேறு முடிவு எடுத்திருந்தால் அது வந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

நீங்கள் ஒப்பீடு செய்யும்போது கேமராவின் புள்ளிகளும் மனிதரின் புள்ளிகளும் திரையில் அழகாக வரும். தொழிற்சாலைக்காரர் ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று, இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று கேட்பார். எதற்கு அர்த்தம் இல்லை என்பதை, அவர் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்திருங்கள். காட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தால், நல்லது நடக்கும் என்று தோன்றும்போதும் காட்டாதீர்கள். அப்படித் தோன்றும்போதுதான் காட்டுவோம்.

கருவிகளைத் திரும்ப எடுத்துவரப் புதன்கிழமை போனேன். இசக்கி மேசைக்குத் திரும்பியிருந்தார். இடைவேளையில், அவர் முன்னாலேயே அவருடைய பதிவுகளைக் கணினியிலிருந்து அழித்தேன். அழிந்ததா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டாம் முறை நானும் மறுபடி திறந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அடையாள அட்டையின் உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது இனி எதுக்கு சார் எனக்கு?"

வாங்கி நோட்டுக்குள் வைத்தேன். இப்போதும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

வாயிலில் காட்ட வெளியேறும் சீட்டு எழுத வேண்டும். கண்ணாடி ஒன்று, கணினி ஒன்று, சோதனை லென்ஸ் பன்னிரண்டு என்று எழுதினேன். ஏழாம் எண்ணை மேலாளர் திருப்பிக் கொடுத்திருந்தார். சீட்டில் தொழிற்சாலை ஆள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தனசேகர் அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை. இசக்கியிடம் நீட்டினேன்.

அவர் சீட்டை வாங்கினார், பேனாவை வாங்கவில்லை.

"எண்ணிட்டீங்களா சார்?"

"எண்ணிட்டேன்."

"தொட்டு எண்ணினீங்களா, பாத்து எண்ணினீங்களா?"

பக்கத்து மேசைப் பெண்கள் இருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறுபக்கம் திரும்பினார்கள். நான் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். இசக்கி கையுறையைக் கழற்றினார். முதல் உறையை அழுத்தி, "லாபம்" என்றார். ஊரில் நெல் அளக்கிறவர்கள் ஒன்றுக்குப் பதிலாகச் சொல்லும் சொல் அது. பிறகு ரெண்டு, மூணு, நாலு என்று, ஒவ்வொன்றிலும் விரல் நின்று, உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்ட பிறகே அடுத்ததற்குப் போனது. இடைவேளை முடிந்த மணி அடித்தது. அவர் அவசரப்படவில்லை. பன்னிரண்டு வந்ததும் பேனாவைக் கேட்டு வாங்கி, சீட்டில் கையெழுத்துப் போட்டார். அதன் பக்கத்தில் தன் பெயிண்ட் பேனாவை எடுத்து ஒரு பச்சைப் புள்ளியும் வைத்தார்.